உடம்பின் தண்ணீர்க் கணக்கும் ஹார்மோன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதானவரை "சோடியம் குறைந்துவிட்டது" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த வீட்டில் அடுத்து என்ன விவாதம் நடக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஒருவர் உப்பைக் கூட்டச் சொல்வார். இன்னொருவர் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்வார். டாக்டரோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இந்தக் குழப்பத்துக்குக் காரணம், உப்பையும் தண்ணீரையும் நாம் ஒரே கணக்காக நினைப்பது. உடம்பு அவற்றை இரண்டு கணக்குகளாக வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு ஹார்மோன்கள் பொறுப்பு. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர். பெண்களுக்கு எடையில் பாதியை ஒட்டி இருக்கும். கொழுப்புத் திசுவில் தண்ணீர் குறைவு என்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். அந்த 42 லிட்டரில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி 14 லிட்டர் வெளியே. அதிலும் ரத்தக் குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான்.

செல்லுக்கு வெளியே முக்கிய உப்பு சோடியம், உள்ளே பொட்டாசியம். தண்ணீருக்குச் செல்சவ்வு பெரிய தடையே இல்லை. எந்தப் பக்கம் செறிவு அதிகமோ அங்கே போய்விடும். வெளியே உப்புச் செறிவு கூடினால் செல் சுருங்கும், குறைந்தால் வீங்கும். தசையில் செல்கள் கொஞ்சம் வீங்கினால் யாருக்கும் தெரியாது. மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. சோடியம் அளவில் ஏற்படும் கோளாறுகள் குழப்பம், மயக்கம், வலிப்பு என்று மூளை வழியாகவே வெளிப்படுவது இதனால்தான்.

ஹார்மோன்கள் எதைக் கண்காணிக்கின்றன? தண்ணீரையா, உப்பையா?

நேரடியாக இரண்டையும் இல்லை. உடம்பில் மொத்தம் இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை கிராம் உப்பு என்று அளந்து பார்க்கும் கருவி எதுவும் நம்மிடம் இல்லை. உடம்பால் உணர முடிவது இரண்டு விஷயங்களை. ஒன்று, ரத்தம் எவ்வளவு செறிவாக இருக்கிறது. இன்னொன்று, ரத்தக் குழாய்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன.

அடுப்பில் இருக்கும் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு கரிக்கிறதா என்பது ஒரு கேள்வி, எல்லோருக்கும் போதுமான அளவு சட்டியில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ருசி சரியாக இருந்தும் குழம்பு பற்றாமல் போகலாம்.

செறிவைத் திருத்த உடம்பு தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த வேலை வாசோபிரசின் என்ற ஹார்மோனுக்கும் தாகத்துக்கும். நிறைவைத் திருத்த உப்பைக் கூட்டிக் குறைக்கிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். அந்த வேலை ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் கூட்டணிக்கு. அதற்கு எதிர்ப்பக்கம் இதயத்திலிருந்து வரும் இன்னொரு ஹார்மோன்.

வாசோபிரசின் எங்கே உருவாகிறது? எப்போது சுரக்கிறது?

பாடப்புத்தகங்களில் ஏ.டி.எச் என்று படித்திருப்பீர்கள், அதேதான். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் உருவாகி, நரம்பு இழைகள் வழியாகவே இறங்கி, பின்புறப் பிட்யூட்டரியில் சேமிக்கப்படுகிறது. வெறும் 9 அமினோ அமிலங்களால் ஆன சின்ன மூலக்கூறு. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ இதன் அமைப்பையும், இதன் உடன்பிறப்பான ஆக்சிடோசினின் அமைப்பையும் கண்டறிந்தார். ஆக்சிடோசினை முதலில் செயற்கையாகத் தயாரித்தவரும் அவரே. 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

ரத்தத்தின் செறிவு சாதாரணமாகக் கிலோவுக்கு 275 முதல் 295 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களைக் கணக்கிடும் அலகு) வரை இருக்கும். சுமார் 280ஐத் தாண்டியதும் வாசோபிரசின் மெல்ல ஏறத் தொடங்கும். செறிவு 1 அல்லது 2 சதவீதம் மாறினாலே ஹைப்போதலாமஸுக்குத் தெரிந்துவிடும். மூளையில் இப்படி ஓர் உணர்வி இருக்க வேண்டும் என்று நாய்களை வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் 1940களில் வாதிட்டவர் கேம்பிரிட்ஜின் ஈ. பி. வெர்னி. கழுத்துத் தமனியில் செறிவான உப்புக் கரைசலைச் செலுத்தினால் சிறுநீர் குறைவதை அவர் காட்டினார்.

இந்த ஹார்மோனுக்கு ஆயுள் குறைவு. ரத்தத்தில் 10 முதல் 20 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அரை மணியில் சிறுநீர் பெருகத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போவது இதனால் சாத்தியமாகிறது.

அது சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே வருவது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர். அப்படியானால் உடம்பில் உள்ள பிளாஸ்மா முழுவதும் தினமும் ஐம்பது தடவைக்கு மேல் வடிகட்டப்பட்டுத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். திரும்பி வருவதில் பெரும்பகுதிக்கு வாசோபிரசினின் அனுமதி தேவையில்லை. முதல் வளைவுக் குழாயிலேயே மூன்றில் இரண்டு பங்கு உப்போடு சேர்ந்து உள்ளே போய்விடும். வாசோபிரசின் முடிவுசெய்வது கடைசிக் கட்டத்தில், சேகரிப்புக் குழாய்களில்.

அந்தக் குழாய்களின் சுவர் இயல்பில் தண்ணீரை விடாது. வாசோபிரசின் வந்து சுவர்ச் செல்களின் ஏற்பியில் ஒட்டியதும், செல்லுக்குள் தயாராக இருக்கும் அக்வாபோரின்-2 என்ற புரதங்கள் மேற்பரப்புக்கு நகர்ந்து தண்ணீருக்கு வழிவிடுகின்றன. வெளியே சிறுநீரகத்தின் உட்பகுதி கடுமையான உப்புச் செறிவில் இருப்பதால் தண்ணீர் தானாகவே அங்கே இழுக்கப்படும். ஹார்மோன் போனதும் அந்தப் புரதங்கள் மறுபடியும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். தண்ணீருக்கென்றே இப்படித் தனி வாசல்கள் உண்டு என்பது 1990களின் தொடக்கம் வரை உறுதியாகவில்லை. சிவப்பணுக்களில் வேறொரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பீட்டர் ஆக்ரே குழுவினர் கையில் முதல் அக்வாபோரின் தற்செயலாக அகப்பட்டது. 2003 வேதியியல் நோபலில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இந்த ஏற்பாட்டால் நம் சிறுநீர் 50 மில்லிஆஸ்மோல் என்ற நீர்த்த நிலையிலிருந்து 1200 வரை மாற முடியும். ஆனால் 1200க்கு மேல் போகாது. தினமும் வெளியேற வேண்டிய கழிவுகள் 600 மில்லிஆஸ்மோல் என்றால் குறைந்தது அரை லிட்டர் சிறுநீர் போயே ஆக வேண்டும். ஒரு சொட்டுக் குடிக்காவிட்டாலும் போகும். ஹார்மோனால் தண்ணீரை மிச்சப்படுத்த முடியும், உண்டாக்க முடியாது.

தண்ணீர் ரத்தத்தில் சேர்வதற்கு முன்பே தாகம் அடங்குவது எப்படி?

குடித்த தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் செறிவைக் குறைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாகம் எடுத்துக்கொண்டே இருந்தால் நாம் குடித்துத் தீர்த்துவிடுவோம். வாயும் தொண்டையும் வயிறும் "தண்ணீர் வந்துவிட்டது" என்று மூளைக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புகின்றன. தாகமும் வாசோபிரசினும் அப்போதே தணிகின்றன. பிறகு ரத்தம் உண்மையிலேயே நீர்த்திருக்கவில்லை என்றால் தாகம் மறுபடி தலைகாட்டும்.

தாகத்துக்கு மூளையில் இடமுண்டு என்று காட்டியது ஆடுகள். 1950களில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் துளியளவு உப்புக் கரைசலைச் செலுத்த, வயிறு நிறைந்திருந்த ஆடுகள்கூடத் தண்ணீரை மொண்டு குடித்தன.

தாகத்தின் தொடக்கப் புள்ளி வாசோபிரசினுடையதைவிடச் சற்று மேலே இருக்கிறது. முதலில் சிறுநீரகம் சிக்கனம் பிடிக்கும், அது போதாதபோதுதான் நமக்குத் தாகம் எடுக்கும். வயதாக ஆகத் தாகம் மந்தமாகிறது. கத்திரி வெயிலில் வீட்டுப் பெரியவர்கள் "எனக்குத் தாகமே இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாள் எடை கூடுகிறதே?

கல்யாண விருந்தில் அப்பளம், ஊறுகாய், வற்றல் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு மறுநாள் எடை பார்த்தால் ஏறித்தான் இருக்கும். அது கொழுப்பு அல்ல. ஒரு லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது 9 கிராம் உப்பு. இதையே திருப்பிப் பாருங்கள்: உடம்பில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு சேர்ந்ததும் செறிவு கூடுகிறது, தாகம் எடுக்கிறது, வாசோபிரசின் ஏறுகிறது, தண்ணீர் தங்குகிறது. செறிவு சரியாகிவிட்டது, ஆனால் இப்போது ரத்தக் குழாய்கள் நிறைந்துவிட்டன. அந்த மிகுதியை உப்போடு வெளியேற்ற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன்: இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு?

ரத்த ஓட்டம் குறைந்தால் அதை முதலில் உணர்வது சிறுநீரகமே. உள்ளே வரும் நுண்தமனிகளின் சுவரில் உள்ள செல்கள் ரெனினை வெளியிடும். கல்லீரல் எப்போதும் ரத்தத்தில் விட்டுவைத்திருக்கும் ஒரு பெரிய புரதத்தை ரெனின் நறுக்கும். வந்த துண்டை, முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களில் உள்ள ஏ.சி.இ என்ற நொதி மேலும் நறுக்கி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்கும். இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தாகத்தைத் தூண்டும், அட்ரீனல் சுரப்பியை உசுப்பி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டீரோன் சிறுநீரில் போகவிருக்கும் சோடியத்தைப் பிடித்து நிறுத்தி, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். செல்களில் புதுப் புரதங்கள் உருவாகித்தான் இந்த வேலை நடக்க வேண்டும் என்பதால் வாசோபிரசினைப் போலச் சட்டென்று பலன் தெரியாது, மணிக்கணக்கில் ஆகும்.

இதன் கண்டுபிடிப்பு மெதுவாக நடந்த கதை. 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தி, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்டு அதற்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். ஆல்டோஸ்டீரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1953இல்தான். அப்புறம் பிரேசிலின் ஒரு விரியன் பாம்பின் விஷத்தில் ஏ.சி.இ நொதியைத் தடுக்கும் பொருள் இருப்பது தெரியவந்து, அந்த வழியில் உருவான கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளில் மாத்திரை டப்பாவில் கிடக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் அந்தக் குடும்பம். டெல்மிசார்டான், லோசார்டான் இரண்டும் ஆஞ்சியோடென்சின் ஒட்டும் இடத்தை மறிப்பவை. ஸ்பைரனோலாக்டோன் மறிப்பது ஆல்டோஸ்டீரோனை.

இந்த மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கடும் வாந்தியோ பேதியோ வரும்போது உடம்பு நம்பியிருப்பது இந்தக் கூட்டணியைத்தான். மாத்திரை அதைத் தடுத்து வைத்திருக்கும். அந்த நாட்களில் மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இதயமும் ஹார்மோன் சுரக்குமாமே?

ஆமாம். 1981இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்டு குழுவினர் எலி இதயத்தின் மேலறைத் திசுவை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவை உப்பும் நீருமாகச் சிறுநீரைக் கொட்டின. மேலறைகள் அதிக ரத்தத்தால் விரியும்போது ஏ.என்.பி என்ற ஹார்மோன் வெளிவந்து, ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் அடக்கி, உப்பை வெளியேற்றச் சொல்கிறது. கீழறைகளில் இருந்து வரும் அதன் உறவான பி.என்.பி இன்று ரத்தப் பரிசோதனையாகப் புழங்குகிறது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இதயச் செயலிழப்பா என்று பார்க்க இதைத்தான் எடுப்பார்கள்.

செறிவும் நிறைவும் முரண்பட்டால் உடம்பு எந்தப் பக்கம் நிற்கும்?

என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சாதாரண நாட்களில் செறிவுதான் ராஜா. ரத்தத்தின் கொள்ளளவு 5 முதல் 10 சதவீதம் குறைந்தால்தான் அந்தக் காரணத்துக்காக வாசோபிரசின் ஏறும். ஆனால் அப்படி ஏறத் தொடங்கிவிட்டால் அளவில்லாமல் ஏறும். ரத்தம் நீர்த்துப்போனாலும் பரவாயில்லை, குழாய்கள் காலியாகக் கூடாது என்று உடம்பு முடிவெடுத்துவிடுகிறது.

இதயச் செயலிழப்பிலும் கல்லீரல் சுருக்க நோயிலும் நடப்பது இந்த முடிவின் தவறான வடிவம். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உடம்பில் உப்பும் தண்ணீரும் நிரம்பி வழிகின்றன. ஆனால் இதயம் சரியாகத் தள்ளாததாலோ, ரத்தக் குழாய்கள் விரிந்துபோனதாலோ தமனிகளில் உள்ள உணர்விகளுக்கு "ரத்தம் குறைந்துவிட்டது" என்றே படுகிறது. ரெனின் கூட்டணியும் வாசோபிரசினும் சேர்ந்து மேலும் மேலும் சேமிக்கின்றன. உப்பைவிடத் தண்ணீர் அதிகம் சேர்வதால் பரிசோதனையில் சோடியம் குறைவாக வரும்.

அப்படியானால் சோடியம் குறைவு என்றால் உப்புக் குறைவு இல்லையா?

பல நேரங்களில் இல்லை. அறிக்கையில் வரும் 135, 128, 118 எல்லாம் செறிவு மட்டும்தான். உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு என்று அது சொல்வதே இல்லை. உப்பு உண்மையிலேயே குறைந்திருக்கலாம், பேதியிலோ, அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயிலோ அப்படி ஆகும். உப்பு சரியாக இருந்து தண்ணீர் மட்டும் கூடியிருக்கலாம். இரண்டும் கூடியும் இருக்கலாம், மேலே சொன்ன இதய நோயாளியைப் போல. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு, சில சமயம் நேர் எதிர்.

நடுவில் சொன்ன வகைதான் வயதானவர்களிடம் அடிக்கடி வருகிறது. தேவையில்லாதபோதும் வாசோபிரசின் சுரந்துகொண்டே இருக்கும். நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரிடம் இதைப் பார்த்து 1957இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலிய மருத்துவர்கள் விவரித்தார்கள். நிமோனியா, காசநோய், மூளைக் கோளாறுகள், வலிப்புக்கான கார்பமசெபின், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் என்று காரணங்களின் பட்டியல் நீளம். இவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பதே முதல் மருந்து. ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவையும் சோடியத்தை இறக்கக்கூடியவை. மாத்திரைச் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சோடியத்தை வேகமாக ஏற்றுவதும் ஆபத்துதான். 24 மணி நேரத்தில் 8 அல்லது 10 அலகுகளுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். மீறினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் சிதையலாம். "ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறார்கள்?" என்று வார்டில் கோபப்படுபவர்களுக்கான பதில் இது.

தண்ணீர் அதிகம் குடிப்பதால் ஆரோக்கியமானவருக்கு ஆபத்து வருமா?

வரும், அரிதாக. சிறுநீரகம் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வெளியேற்றும். அதுவும் வாசோபிரசின் அடங்கியிருந்தால்தான். வலி, குமட்டல், நீண்ட உடற்பயிற்சி ஆகியவை செறிவைப் பொருட்படுத்தாமல் அதைச் சுரக்க வைக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம். ஓடும்போது வியர்வையில் இழந்ததைவிட அவர்கள் குடித்தது அதிகம். ஆக, ஓட்டத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

பேதியில் வெறும் தண்ணீர் ஏன் போதாது?

அங்கே இழப்பது உப்பும் தண்ணீரும் சேர்த்து. வெறும் தண்ணீர் செறிவைக் குறைக்குமே தவிர, குழாய்களை நிறைத்து வைக்காது. சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் குடல் அவற்றைச் சேர்த்தே உள்ளிழுக்கும், தண்ணீர் கூடவே வரும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது சலைன் பாட்டில் போதாமல், டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4க்கும் கீழே வந்தது. ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் கெடுதல், ஆகவே குத்துமதிப்பாகப் போட வேண்டாம்.

மது, காபி, டீ?

மது வாசோபிரசினை அடக்கும். குடித்த இரவில் அடிக்கடி எழுந்து போவதும் மறுநாள் நாக்கு வறள்வதும் அதனால். காபி, டீ பழகியவர்களுக்குப் பெரிய நீரிழப்பு இல்லை. அவற்றையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை இல்லாமலேயே லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகுமா?

போகும். வாசோபிரசின் சுரக்காவிட்டாலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ ஒரு நாளைக்கு 3 லிட்டரில் தொடங்கி, கடுமையானால் 15, 20 லிட்டர்கூடப் போகும். டயபடீஸ் இன்சிபிடஸ் என்று சொல்லிவந்த இதற்கு 2022இல் வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்று புதுப் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. ஆஸ்பத்திரியில் சிலர் இதைச் சர்க்கரை நோய் என்று நினைத்துக்கொண்டு அவசியமான டெஸ்மோபிரசினை (வாசோபிரசினைப் போலச் செயல்படும் மருந்து) கொடுக்காமல் விட்டு உயிரிழப்பு நேர்ந்தது ஒரு காரணம். இரண்டாவது வகையில் டெஸ்மோபிரசின் பலன் தராது. மனநோய்க்காக நெடுநாள் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த வகை வரலாம். சர்க்கரை நோயில் சிறுநீர் பெருகுவதன் காரணமே வேறு. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரில் வழிந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

இரவில் பலமுறை எழுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இளவயதில் இரவில் வாசோபிரசின் சற்று ஏறிச் சிறுநீரைக் குறைக்கும். வயதானால் அந்த ஏற்றம் குறைகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புவது இன்னொரு காரணம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு ஏ.என்.பி ஏறுவதும் உண்டு. ஆண்கள் எல்லாப் பழியையும் புராஸ்டேட் மேல் போட்டுவிட வேண்டாம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவுதான் குடிப்பது?

எட்டு டம்ளர் என்ற எண்ணுக்கு ஹார்மோன்களிடம் ஆதாரம் இல்லை. 1945இல் அமெரிக்க உணவுக் குழு ஒன்று இரண்டரை லிட்டர் என்று சொன்னபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. அந்த வரி யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. சோறும் ரசமும் மோரும் சாப்பிடுகிறவருக்கு உணவிலேயே கணிசமான தண்ணீர் வந்துவிடும். ஆரோக்கியமானவருக்குத் தாகம் நல்ல வழிகாட்டி. வெயிலில் உழைப்பவர்கள் தாகத்துக்குச் சற்று முன்பே குடிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எதைப் பார்க்கலாம்?

சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இயல்பு. சோடியம் குறைந்திருந்தால் சிறுநீரின் செறிவையும் சிறுநீர்ச் சோடியத்தையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தம் நீர்த்திருக்கையில் சிறுநீரும் 100 மில்லிஆஸ்மோலுக்குக் கீழே நீர்த்திருந்தால் வாசோபிரசின் அடங்கியிருக்கிறது, குடித்ததுதான் அதிகம். சிறுநீர் செறிவாக இருந்தால் அந்த ஹார்மோன் எதற்காகவோ சுரந்துகொண்டிருக்கிறது. எதற்காக என்று தேட வேண்டும். குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு இருந்தால் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.